கஜித்தானி வீட்டு மொட்டு

மாட்சுவே நகராட்சியில் தண்ணீர் மீட்டர் படித்து ஓய்வு பெற்ற கஜித்தானிக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஊரில் அவர் குனியாத வாசல் கிடையாது. குனிந்த வாசலிலிருந்து வெறுங்கையோடு நிமிர்ந்ததும் கிடையாது.

தப்பாக நினைக்க வேண்டாம். மனிதர் எடுத்ததெல்லாம் கமேலியாக் குச்சிகள். கோட்டை அகழியை ஒட்டிய பழைய வீடுகளில் மீட்டர் மூடி எப்போதும் ஏதாவதொரு கமேலியாப் புதருக்கு அடியில்தான் இருக்கும். மூடியைத் தூக்கினால் எண் தெரியும். தலையைத் தூக்கினால் பூ தெரியும். அரசாங்கம் எண்ணுக்குத்தான் சம்பளம் கொடுத்தது. பூவுக்கான படியை அவரே வசூலித்துக்கொண்டார். விரல் நீளத்துக்கு ஒரு குச்சி, ஈரக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில். பாதி கேட்டு வாங்கியவை. மீதி, கேட்க நினைத்து மறந்தவை. இப்படியாக இரண்டு கார் நிறுத்தினால் தீர்ந்துபோகும் அவருடைய தோட்டத்தில் மாட்சுவே நகரமே மரியாதையான குட்டைப் புதர்களாக வளர்ந்து நின்றது.

தோட்டத்தின் மேற்கு ஓரம் மட்டும் அவருடைய ஆட்சிக்கு உட்பட்டதல்ல. அங்கே அவர் மனைவி கினுயோவின் தேயிலை வேலி. இடுப்பு உயரம், நேர்க்கோடு, எந்தப் பாசாங்கும் இல்லாத பச்சை. மே மாதம் கினுயோ கொழுந்து பறித்து, சோறு வேகவைக்கும் தட்டில் ஆவி காட்டி, பாயில் போட்டு உருட்டி, இரும்புச் சட்டியில் வறுத்து, வருடம் முழுக்க வீட்டுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் தேநீர் ஆக்கிவிடுவாள். கஜித்தானியின் கணக்கில் கமேலியா செடி, தேயிலை வேலி. இரண்டும் ஒரே குலம், ஒன்றுவிட்ட சகோதரிகள் என்று தோட்டக்கலைப் புத்தகம் அச்சடித்துச் சொன்னபோதும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல குடும்பங்களிலும் இப்படிச் சில உறவுகள் இருக்கத்தான் செய்யும் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

இந்த உறவை முழு மனதோடு ஏற்றுக்கொண்டவை கம்பளிப்பூச்சிகள். செப்டம்பரில் அவை வரிசையாக வந்து கமேலியா இலையில் காலை உணவும் தேயிலையில் இரவு உணவும் சாப்பிட்டன. அவற்றின் முடி காற்றில் பறந்து பட்டாலே போதும், மனிதன் ஒரு வாரம் சொறிந்துகொண்டு உட்கார வேண்டியதுதான்.

"மருந்து அடிக்கப்போறேன்," என்றார் கஜித்தானி, சிவந்த கழுத்தைச் சொறிந்தபடி.

"அடிங்க," என்றாள் கினுயோ. "அடிச்சிட்டு அடுத்த மே வரைக்கும் டீ குடிக்க ஃபுகுமா டாக்டர் வீட்டுக்குப் போயிடுங்க."

"உன் வேலி மேல ஒரு சொட்டு படாது."

"காத்துகிட்ட சொல்லி வச்சிருக்கீங்களா?"

ஃபுகுமா டாக்டர் பெயரை எடுத்ததுமே கஜித்தானி மருந்துப் புட்டியைக் கீழே வைத்துவிட்டார். கையுறை, மழைக்கோட்டு, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு, நீளமான சமையல் குச்சிகளால் கம்பளிப்பூச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட ஆரம்பித்தார். நூடுல்ஸ் சாப்பிடும் லாகவம் அதில் இருந்தது.

டாக்டர் பெயருக்கு ஏன் இத்தனை வலு என்றால், காரணம் நவம்பர் மாதம்.

இந்த ஊரில் காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் பொடித் தேநீரை நுரைக்க அடித்துக் குடிக்காதவன் காய்ச்சலில் படுத்திருக்கிறான் என்று பொருள். அந்த இரு வேளையும் ஊர்வம்பு தடையின்றி நடக்கும். நவம்பரில் தேநீர் ஆசிரியை யோனெஹாரா டீச்சர் வீட்டில் அடுப்புத் திறப்பு. கோடைக்கு மூடிவைத்த தரையடுப்பைத் திறந்து, குளிர்காலத்தின் முதல் தேநீரைக் கொடுக்கும் நாள். அன்றைக்கு அறை மாடத்தில் மூங்கில் குழாயில் ஒரே ஒரு கமேலியா மொட்டு வைப்பார்கள். முழுக்க விரிந்திருக்கக் கூடாது. விரியப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தால் போதும். யாருடைய மொட்டோ அவருக்குத் தலைமை விருந்தாளிக்கு அடுத்த இடம். பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்கப் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் அவர் பேச்சுத்தான்.

பதினான்கு வருடமாக அந்த மொட்டு ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஃபுகுமாவுடையது. கஜித்தானியும் ஒவ்வொரு வருடமும் கொண்டுபோனார். ஒன்று அதிகம் விரிந்திருந்தது; ஒன்று கல் மாதிரி இருந்தது; ஒன்றை வழியில் மழை அடித்தது. எழுபது வயது நெருங்குகிறது. ஒரே ஒரு முறை தன் தோட்டத்துப் பூ அந்த மாடத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இல்லை. இருந்த மற்ற ஆசைகளைக் கினுயோ ஏற்கெனவே நிராகரித்திருந்தாள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கமேலியா இதழ் இதழாக உதிர்வதில்லை. முழுப் பூவாகத் தலையோடு விழும். யோனெஹாரா குடும்பமோ கோட்டையில் வாள் பிடித்த குடும்பம்; தலை விழுவது அங்கே அபசகுனம். டீச்சருடைய அப்பா காலத்தில் ஒருவர் கொண்டுவந்த பூ, விருந்தின் நடுவில் தலை கழன்று விழுந்துவிட்டது. அந்த மனிதரை அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் பார்க்கவில்லை. ஒசாகாவுக்குக் குடிபோனார் என்று சிலர் சொன்னார்கள். அவமானம் தாங்காமல்தான் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

அந்த வருடம் விதி கஜித்தானி பக்கம் திரும்பியது. கம்பளிப்பூச்சிகள் டாக்டர் வீட்டு வெள்ளைக் கமேலியாவை மொட்டையடித்துவிட்டன. தோட்டக்காரன் வருவான் என்று டாக்டர் காத்திருந்தார், பூச்சிகள் காத்திருக்கவில்லை. கஜித்தானியின் புதரிலோ வெளிர் சிவப்பில் ஒரு மொட்டு, இதழ் நுனி மட்டும் லேசாக விலகி, பேச வாயெடுத்தவர் மாதிரி நின்றது.

அடுப்புத் திறப்புக்கு முதல் நாள் டீச்சரே குடையோடு வந்து பார்த்தார்.

"நாளைக்குக் காலையில கொண்டாங்க," என்றார். "கினுயோவை விடியறப்பவே அனுப்பிடுங்க. இனிப்புக்குப் பயறு வேக வைக்க ஆள் இல்ல."

கஜித்தானி நிமிராமல் ஒரு கும்பிடு போட்டார். மீட்டர் படித்த இடுப்பு, அதற்கு அது சாதாரணம்.

மறுநாள் காலை கினுயோ போன பிறகு அவர் குளித்து, நல்ல உடை உடுத்தி, மொட்டை இரண்டு இலையோடு வெட்டினார். வாசலில் தண்ணீர்க் குவளையில் வைத்துவிட்டுக் குடையை எடுக்கத் திரும்பினார். குடையின் பிடி மொட்டைத் தொட்டது. தட்டவில்லை, தொட்டது, அவ்வளவுதான். மொட்டு ஒருபக்கமாகச் சாய்ந்தது. விரலால் நிமிர்த்திப் பார்த்தார். தளர்ந்த பல் மாதிரி ஆடியது.

விரியும் பதத்தில் வேறு மொட்டு இல்லை. வேறு வருடம் இருக்கிறதா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அடியில் ஒரு சிட்டிகை உப்பு வைத்தால் நிற்கும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கஜித்தானி பொறியியல் சார்ந்த துறையில் இருந்தவர். கசிவைக் கண்டால் அடைப்பதுதான் அவருக்குத் தெரியும். செருப்பு அலமாரியில், அறுந்த செருப்புக்கு வாங்கிய உடனடிக் கோந்து இருந்தது. அடியில் ஒரே ஒரு சொட்டு விட்டார்.

அந்தச் சொட்டு அடியில் நிற்கவில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் இதழ்களுக்கு நடுவே ஏறி உள்ளே போய்விட்டது. மொட்டு நிமிர்ந்து நின்றது. சற்று அதிகமாகவே நிமிர்ந்து நின்றது.

விருந்து அறையில் தலைமை இடத்தில் மலையடி மடத்துச் சாமியார். அடுத்து கஜித்தானி. அதற்கும் அடுத்து, பதினான்கு வருடத்தில் முதல்முறையாக, ஃபுகுமா டாக்டர். ஒவ்வொருவரும் மாடத்தின் முன்னால் மண்டியிட்டு மொட்டை வணங்கினார்கள்.

கெட்டித் தேநீர்க் கிண்ணம் கை மாறியது. அடுப்பில் தண்ணீர் கொதித்து அறை சூடேறியது. வழக்கமாக இந்த நேரத்தில் மொட்டு மெல்ல நெகிழும். ஓர் இதழ் விலகும். விருந்தாளிகள் அதைக் கவனிக்காத மாதிரி கவனிப்பார்கள். இன்றைக்கு இதழ் விலகவில்லை. நெகிழவும் இல்லை. சாமியார் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"பூவுக்கு அவசரம் இல்ல. நமக்குத்தான் அவசரம்."

எல்லோரும் தலைகுனிந்தார்கள். டீச்சருடைய கண் லேசாகக் கலங்கியது. கஜித்தானிக்கு நெற்றியில் வியர்வை வழிந்தது. அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஃபுகுமா டாக்டர் மட்டும் மாடத்தின் பக்கம் மூக்கை நீட்டினார்.

"மீட்டர்காரரே," என்றார் மெல்ல. "கமேலியாவுக்கு வாசனை கிடையாதே."

"கிடையாது."

"இதுக்கு ஒரு வாசனை இருக்கு."

"அபூர்வ ரகம், டாக்டர்."

"நாப்பது வருஷம் பல் ஒட்டினவன் நான். எனக்கு என்னமோ இது பழக்கமான வாசனையா இருக்கு."

"பயறு தீயுதோ என்னமோ," என்றார் கஜித்தானி. அடுக்களையில் பயறைக் கிளறிக்கொண்டிருந்த தன் மனைவியை இப்படிக் காட்டிக்கொடுத்த குற்றத்துக்கு அவர் அன்றைக்கே மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

கதை அன்றோடு முடிந்திருந்தால் அவர் நிம்மதியாக இருந்திருப்பார். சாதாரண மொட்டு இரண்டு நாளில் விரிந்து விழுந்திருக்கும். இது ஒரு வாரம் அப்படியே நின்றது. பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் ஊர் முழுக்க அதே பேச்சு. மடத்துச் சாமியார் பிரசங்கத்தில் அதைச் சேர்த்துக்கொண்டார். விரியும் வல்லமை இருந்தும் விரியாமல் இருப்பதே உண்மையான விரிதல் என்றார். யோனெஹாரா டீச்சர் அதற்கு 'நாளை' என்று பெயர் சூட்டி, அழகான தாளில் எழுதி மாடத்தில் தொங்கவிட்டார்.

பதியன் போட ஒரு குச்சி கிடைக்குமா என்று கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கஜித்தானி மறுக்காமல் வெட்டிக் கொடுத்தார். வந்தவர்களில் ஒரு பெண்மணி வீட்டு வாசலில் இதன் தாய்ச்செடியே நிற்கிறது. எந்த வருடம், எந்த மீட்டர் மூடிக்குப் பக்கத்தில் ஒடித்தது என்பதுகூடக் கஜித்தானிக்கு ஞாபகம் இருந்தது. அந்த அம்மாள் சொந்த வாசல் பூவை நிமிர்ந்து பார்த்ததே இல்லை போலும். இரண்டு கையாலும் குச்சியை வாங்கிக்கொண்டு மூன்று முறை கும்பிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை 'நாளை'யின் மரத்தைப் பார்க்க வருவதாக டீச்சர் சொல்லியனுப்பினார். துணைக்கு ஃபுகுமா டாக்டரும் வருகிறாராம். டாக்டரே விரும்பிக் கேட்டாராம்.

அதற்குள் அந்தப் புதரில் மற்ற மொட்டுகள் நிறம் பிடித்து, எந்த வெட்கமும் இல்லாமல் விரிந்துகொண்டிருந்தன. சனிக்கிழமை ராத்திரி மழையில் ஏழெட்டுப் பூக்கள் தலையோடு பாசியில் விழுந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. விரியும் மரம், விழும் பூ. ஒரு சாட்சி குறையவில்லை.

ஞாயிறு காலை கஜித்தானி செருப்பு அலமாரியைக் குடைந்தார்.

"என்ன தேடுறீங்க?" என்றாள் கினுயோ.

"அந்தக் கோந்து. ஒரு சின்ன வேலை."

"மரத்துலயா?"

கஜித்தானி அலமாரிக்குள் தலையை இன்னும் கொஞ்சம் நுழைத்தார்.

"மூடி அலமாரியில ஒட்டிக்கிட்டிருந்துச்சு," என்றாள் அவள். "உங்க கட்டைவிரல் ரேகையோட. அன்னைக்கே பாத்தேன். பயறு தீயுதுன்னு சொன்னதும் கேட்டுச்சு."

"கினுயோ, மிச்ச மொட்டையாவது..."

"கோந்து தீந்துபோச்சு. என் செருப்புக்குப் போட்டுட்டேன்."

"முழுசுமா?"

"செருப்பு ரெண்டு இல்லையா?"

அவர் கத்தரியை எடுத்தார். விரிந்ததையெல்லாம் வெட்டிவிடலாம் என்று ஒரு யோசனை.

"வெட்டுங்க," என்றாள். "டீச்சரம்மா மொட்டை மரத்தைப் பாத்துட்டுப் போகட்டும். கோந்து போட்டா பூ வாயை மூடும். டாக்டர் வாயை மூட எத்தனை டப்பா வேணும்னு யோசிச்சீங்களா?"

"விழுந்து கெடக்குறதையாவது கூட்டேன்."

"எனக்குத் தேயிலை வேலி மட்டுந்தானே. அந்தப் பக்கம் உங்க ராஜ்ஜியம்."

அவர் துடைப்பத்தைத் தேடுவதற்குள் வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது.

தோட்டத்தைப் பார்த்த அறையில் விருந்தாளிகள் உட்கார்ந்தார்கள். கினுயோ தன் வறுத்த தேநீரையும் முள்ளங்கி ஊறுகாயையும் வைத்தாள். மேற்கு ஓரத்தில் தேயிலை வேலி முழுக்க வெள்ளைப் பூ. பட்டன் அளவுப் பூக்கள், எல்லாம் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கிழக்கே கமேலியாக்கள் திறந்த வாயோடு நின்றன.

"'நாளை' எந்த மரம்?" என்றார் டீச்சர்.

கஜித்தானி கையைக் காட்டினார். வேறு மரத்தைக் காட்டியிருக்கலாம். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் டீச்சர் அதைப் பார்த்திருந்தார்.

ஃபுகுமா டாக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். விரிந்தவற்றைப் பார்த்தார். விழுந்தவற்றையும் பார்த்தார்.

"இங்க எல்லாமே 'நேத்து' மாதிரி இருக்கே, மீட்டர்காரரே," என்றார்.

ஒசாகாவில் வாடகை எவ்வளவு இருக்கும் என்று கஜித்தானி ஒரு கணம் யோசித்தார். பிறகு பாயில் நெற்றி படும்படி குனிந்தார். வாழ்க்கை முழுக்கக் குனிந்த மனிதர்தான். ஆனால் இந்த முறை படிக்க எண் எதுவும் இல்லை.

"கோந்து," என்றார்.

நெற்றியை எடுக்காமலே தொடர்ந்தார்.

"மொட்டு ஆடிச்சு, டீச்சரம்மா. கோந்து போட்டுட்டேன். அது விரியாது. இந்த வருஷம் இல்ல, எந்த வருஷமும் விரியாது. ஒரு தடவையாவது உங்க மாடத்துல நிக்கணும்னு ஆசைப்பட்டேன். மன்னிச்சிடுங்க."

முதலில் வாய் திறந்தவர் டாக்டர்.

"என்ன கோந்து?"

"செருப்புக் கோந்து."

"சிவப்பு மூடியா, மஞ்சள் மூடியா?"

"மஞ்சள்."

"இதழ் பழுப்பாகலையா?"

டீச்சர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். மெதுவாக டாக்டர் பக்கம் திரும்பினார்.

"அது உங்களுக்கு எதுக்கு, டாக்டர்?"

ஃபுகுமா டாக்டர் பல்லைக் கடித்தார். நாற்பது வருடம் மற்றவர்களிடம் வாயைத் திறங்கள் என்று சொன்னவர், இப்போது தன் வாய் தானாகத் திறந்ததற்காக வருந்துவது தெரிந்தது.

"உப்பு போடுவேன்," என்றார். "அடியில ஒரு சிட்டிகை. எல்லாரும் செய்யறதுதான்."

"உப்பு மட்டுமா?"

"ஒரு வருஷம் பல்லுக்குப் போடுற சிமெண்ட். பழுப்பாயிடுச்சு. அதைத்தான் நீங்க இலையுதிர்காலத்தோட சாயல்னு சொன்னீங்க."

டீச்சர் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது. டீச்சர் அழுகிறார் என்று கஜித்தானி பயந்தார். அது சிரிப்பு என்று கினுயோதான் முதலில் புரிந்துகொண்டு, முந்தானை மாதிரி ஏப்ரனைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பதினஞ்சு வருஷமா," என்றார் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் மாடத்துல ஒரு யோக்கியமான பூ நின்னதில்லையா?"

"விழுந்துடுமேன்னு பயம், டீச்சரம்மா," என்றார் கஜித்தானி.

"தலை விழற பயமெல்லாம் எங்க அப்பாவுக்கு. அவர் வாள் தொடச்ச வீட்டுல பொறந்தவர். எனக்கு எழுபத்தொம்பது ஆச்சு. என் தலையே தானா ஆடுது. ஒரு பூ விழுந்தா நான் என்ன, கத்தவா போறேன்?" குவளையை நீட்டினார். "கினுயோ, இன்னும் கொஞ்சம் ஊத்து. இந்த ஊருல ஒட்டாம வந்தது இது ஒண்ணுதான் போல."

புறப்படும்போது தீர்ப்புச் சொன்னார். அடுத்த வருடம் இரண்டு பேரும் கொண்டுவரலாம். உப்பு கூடாது, கோந்து கூடாது, சிமெண்ட் கூடாது. வாசலில் இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார்:

"மடத்துச் சாமியாருக்கு மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். பிரசங்கம் நல்லா இருந்துச்சு."

அந்த வருடக் குளிரில் கஜித்தானியும் டாக்டரும் அடிக்கடி சந்தித்தார்கள். வேலை இல்லாத இரண்டு குற்றவாளிகளுக்குப் பேச நிறைய இருந்தது. செப்டம்பரில் கம்பளிப்பூச்சி எடுக்க டாக்டர் தன் பழைய இடுக்கிகளோடு வந்தார். சமையல் குச்சியைவிட அது எவ்வளவோ மேல் என்பதைக் கஜித்தானி ஒப்புக்கொண்டார். இருவரும் தேயிலை வேலியையும் விட்டுவைக்கவில்லை. ஓர் இலை விடாமல் சுத்தம் செய்தார்கள். குலம் வேறு என்று கஜித்தானி அந்த வருடம் சொல்லவில்லை. கினுயோ இரண்டு பேருக்கும் சொறிக்கு ஒரே களிம்பைக் கொடுத்தாள்.

நவம்பரில் டாக்டரின் வெள்ளை மொட்டும் கஜித்தானியின் சிவப்பு மொட்டும் டீச்சர் முன்னால் நின்றன. டீச்சர் இரண்டையும் விரலால் மெல்ல ஆட்டிப் பார்த்தார். ஒன்று உறுதியாக நின்றது. மற்றொன்று ஆடியது. ஆடியதை எடுத்து மூங்கில் குழாயில் வைத்தார்.

"டீச்சரம்மா, அது என்னுது," என்றார் கஜித்தானி, எச்சரிக்கும் குரலில்.

"தெரியும். போய் உக்காருங்க."

சாமியார், கஜித்தானி, டாக்டர். அதே இடங்கள், அதே அடுப்பு. கெட்டித் தேநீர்க் கிண்ணம் சாமியார் கையில் இருந்தது. மொட்டின் ஓர் இதழ் விலகியது. இன்னொன்றும் விலகியது. கஜித்தானி தொடையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

தொப்.

மீட்டர் மூடியைக் கைதவறிப் போட்டால் வருமே, அந்தச் சத்தம். பூ மாடத்துப் பலகையில் விழுந்து, ஒருமுறை உருண்டு, முகம் மேலே தெரிய நின்றது. கஜித்தானி அதற்கு ஒரு கும்பிடு போட்டார். வேறென்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

சாமியார் கிண்ணத்தை இறக்கிவிட்டு, ஒரு வருடம் காத்திருந்த மனிதரின் திருப்தியோடு தலையை ஆட்டினார்.

"'நாளை' வந்துடுச்சு," என்றார்.

டீச்சர் அடுப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அடுக்களைக் கதவு அரை விரல் திறந்தது, கினுயோவின் குரல் வந்தது: "இங்க வரைக்கும் கேட்டுச்சுங்க. நல்ல பூ."

ஃபுகுமா டாக்டர் முழங்காலால் நகர்ந்து போய்ப் பூவை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பிடுங்கிய பல்லைப் பார்க்கிற மாதிரி பூவின் அடிப்பாகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் கஜித்தானியிடம் நீட்டினார்.

"சுத்தமா விழுந்திருக்கு," என்றார். "வேர்ல ஒண்ணும் இல்ல."